மணம் யாருக்கு உரியது?

மலரைக் கையில் ஏந்தலாம், நாரில் தொடுக்கலாம், விலை பேசி வாங்கலாம். அதன் மணத்தை இவ்வாறு எதுவும் செய்ய இயலாது. தோட்டத்துக்கு வேலி உண்டு, மணத்துக்கு வேலி இல்லை. ஒருவர் முற்றத்தில் பூத்த மல்லிகையின் மணம், அடுத்த வீட்டில் நோயுற்றுப் படுத்திருப்பவரின் படுக்கை வரை செல்கிறது. தண்ணீர் ஊற்றியவர் யார், உரம் இட்டவர் யார் என்று அது கேட்பதில்லை.

இறைவழிபாட்டில் மலருக்கு நம் முன்னோர் அளித்த உயர்ந்த இடத்தை நாம் அறிவோம். இலையோ, மலரோ, கனியோ, நீரோ எதை அன்போடு அளித்தாலும் ஏற்பதாகப் பகவான் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உறுதி கூறுகிறார். மலரை அவருக்கு அளிக்கிறோம், சரி. மணம் யாருக்கு உரியது? இது விளையாட்டுக் கேள்வி அன்று. நாம் செய்யும் வேலை, அதன் பலன், அந்தப் பலனால் வரும் பெயர் ஆகியவற்றோடு நமக்குள்ள உறவு முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. மலரோடும் பக்தியோடும் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் புனே நகரையும் அதைச் சூழ்ந்த மகாராஷ்டிர மண்ணையும் துணைக்கொண்டு இதைச் சிந்திப்போம்.

புனேயின் மலர்கள்

கோடை தொடங்கியதும் புனேயின் கடைவீதிகளில் மொகரா வந்துவிடும். நம் மல்லிகைதான் அங்கே மொகரா. நம் ஜாதிமல்லி அங்கே ஜாயி, முல்லை ஜூயி, செண்பகம் சோன்சாஃபா, பவழமல்லி பாரிஜாதக், மகிழம்பூ பகுள், சம்பங்கி நிஷிகந்த். பெயர்கள் மாறினாலும் மணம் மாறுவதில்லை. பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அங்கே சென்று குடியேறிய குடும்பங்களுக்கு, மாலை வேளையில் கூந்தலில் சூடும் கஜ்ரா சரமே பிறந்த ஊரின் நினைவாக இருப்பதுண்டு. நகரின் புகழ்பெற்ற தகடூசேட் கணபதி ஆலயத்தில் ஆண்டுதோறும் மொகரா மகோத்சவம் நடைபெறுகிறது. பெருமானின் திருமேனியும் சந்நிதியும் மல்லிகையால் நிறைந்திருக்கும் காட்சியைக் காண மக்கள் திரள்கிறார்கள்.

புனேக்கு அருகிலுள்ள ஆளந்தியில் 1296-ஆம் ஆண்டு ஜீவசமாதி அடைந்த ஞானேசுவரர், வாசலில் நட்ட மொகராச் செடியை ஆன்மிக அனுபவத்தின் உருவகமாக்கி ஓர் அபங்கம் பாடியிருக்கிறார். இன்றும் மராத்தியர் இல்லங்களில் அது ஒலிக்கிறது. வேதாந்தத்தின் மிக நுட்பமான பொருளைச் சொல்ல வந்த ஞானிக்கு வீட்டு வாசல் மல்லிகையே போதுமானதாக இருந்தது.

இதே வட்டாரத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. புனேக்கு மேற்கே தளேகாவ், மாவள் பகுதிகளில் பசுமைக் குடில்களுக்குள் ரோஜாக்கள் ஏராளமாகப் பயிராகின்றன. அவை வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. நீண்ட தண்டு, ஒரே அளவு, கண்ணைப் பறிக்கும் நிறம், வெட்டிய பிறகும் பல நாட்கள் வாடாத தன்மை ஆகிய இவற்றுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்படும் வகைகள் அவை. இவ்வகை ரோஜாக்களை முகர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: பெரும்பாலானவற்றில் மணம் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. தோற்றத்தையும் ஆயுளையும் மட்டுமே நோக்கி வகைகளை உருவாக்கிச் செல்லும்போது மணம் பின்தங்கிவிடுகிறது.

பயிரிடும் விவசாயியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது அவரது பிழைப்பு. நாம் நம் வாழ்க்கையை வளர்க்கும் முறைக்கு இது ஒரு கண்ணாடி. பிறர் கண்ணுக்கு அழகாகவும், நீண்ட காலம் வாடாமலும் இருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் நம்மை வளர்த்துக்கொண்டே போனால், ஒருநாள் யாராவது அருகில் வந்து பார்க்கும்போது மணம் இல்லாதிருக்கக் கூடும்.

நிலத்தின் குணம்

நியாய, வைசேஷிக தரிசனங்கள் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு சிறப்புக் குணத்தைக் கூறுகின்றன. நிலத்தின் சிறப்புக் குணம் மணம். மணம் நிலத்தில் மட்டுமே உள்ளது. நீரிலோ காற்றிலோ மணம் தோன்றினால், அவற்றோடு கலந்த நிலத்தின் அணுக்களே காரணம் என்பது அவர்கள் முடிபு. தருக்கம் பயிலும் மாணவனின் முதல் நூலாகிய தர்க்கசங்கிரகம் மணத்தை நறுமணம், தீநாற்றம் என இரண்டாகப் பிரித்து, இரண்டும் நிலத்துக்கே உரியவை என்கிறது.

தோட்டவேலை செய்தவர்களுக்கு இது நூலறிவு அன்று, அன்றாட அனுபவம். மல்லிகைக்கு இடுவது சாணம், மட்கிய இலை, அடுக்களைக் கழிவு. கூடையை எடுத்துச் செல்லும்போது நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சில வாரங்களில் அதே மண்ணிலிருந்து வரும் மொட்டை இறைவன் திருவடியில் வைக்கிறோம். இன்றைய வேதியியல் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டுகிறது. மல்லிகையின் மணத்தை உண்டாக்கும் பல பொருள்களில் இண்டோல் என்பதும் ஒன்று. அது செறிந்திருக்கும்போது தீநாற்றம். கழிவுப் பொருள்களின் நாற்றத்திலும் அதற்குப் பங்குண்டு. மிகச் சிறிய அளவில் மற்ற மணங்களோடு சேரும்போது அதுவே மல்லிகைக்கு அதன் ஆழத்தைத் தருகிறது.

சாதகன் இதில் ஆறுதல் கொள்ளலாம். நம்மிடம் உள்ள கோபம், ஆசை, பிடிவாதம் முதலியவற்றைக் கண்டு மனம் சோர்கிறோம். இவற்றை வைத்துக்கொண்டு எப்படி இறைவனை அணுகுவது என்று தயங்குகிறோம். எருவை வேரில் இட வேண்டும்; மலரின் மீது கொட்டக் கூடாது. பிடிவாதத்தை ஜபத்தில் வைத்தால் உறுதி. ஆசையை இறைவன்பால் திருப்பினால் பக்தி. பொருள் அதுவே, இடமும் அளவும் மாறுகின்றன. நிலத்தில் தூய நறுமணமாக விளங்குவது தாமே என்று பகவான் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் அருளியிருக்கிறார். அந்த நறுமணம் எருவையும் கடந்தே வெளிவருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

முகராத மலர்

வழிபாட்டுக்குரிய மலரை முகரக் கூடாது என்பது நம் மரபு. இதன் கடுமையான வடிவத்தைப் பெரியபுராணத்தில் காண்கிறோம். திருவாரூர்க் கோயிலின் மலர் மண்டபத்தருகே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள், கழற்சிங்க மன்னரின் பட்டத்தரசி. அதைக் கண்ட செருத்துணை நாயனார் அவளது மூக்கை அரிந்தார். விரைந்து வந்த மன்னரோ, பூவை எடுத்த கையல்லவா முதலில் தண்டிக்கப்பட வேண்டும் என்று தம் தேவியின் கையை வெட்டினார். இருவரையும் மரபு அறுபத்துமூவருள் வைத்துப் போற்றுகிறது.

இந்த வரலாற்றைப் படிக்கையில் நம் மனம் நடுங்குகிறது. நடுங்குவதில் தவறில்லை. ஒரு பூவுக்காக ஒரு பெண்ணைத் துன்புறுத்துவதை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. இறைவனுடையதைத் தனதாக்கிக்கொள்ளும் எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சாதகன் தன் மனத்துக்குள் உணர்வதற்காக இக்கதையைக் கொள்ளலாம். வெட்டப்பட வேண்டியது நம் உள்ளே இருக்கும் 'எனது' என்ற கை. பிறர்மீது வாளை ஓங்க இக்கதை யாருக்கும் உரிமை தரவில்லை.

அதே தமிழ் மண்ணில் ஸ்ரீவில்லிபுத்தூரின் கதையும் உண்டு. பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து, மாலை தொடுத்து வடபெருங்கோயிலுடையானுக்குச் சாற்றிவந்தார். துளசிச் செடிகளிடையே கண்டெடுத்து வளர்த்த மகள் கோதை, அந்த மாலையைத் தான் முதலில் சூடிப் பார்த்து, பிறகு கூடையில் வைத்தாள். தந்தை அறிந்து பதறினார். அன்று மாலை சாற்றாமல் இருந்தார். பெருமானோ கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தமக்கு உகந்தது என்றார். இன்றும் ஆண்டாள் சூடிய மாலை பிரம்மோற்சவத்தின்போது திருமலைக்கு எடுத்துச் செல்லப்படுகிறது.

ஒருத்தி முகர்ந்தாள், தண்டனை பெற்றாள். ஒருத்தி சூடியே பார்த்தாள், ஆண்டாள் ஆனாள். இறைவன் நீதியில் முரண்பாடு உண்டா? இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்கான பாடம் தெளிவாகிறது. அரசியின் கதையில் பூ ஒரு பொருள். கண்டதும் எடுத்து நுகரலாம் என்ற பழக்கம் அங்கே வேலை செய்தது. கோதையின் கதையில் பூ ஒரு கேள்வி. 'அவருக்கு நான் பொருத்தமானவளா?' என்பதே அவள் கண்ணாடி முன் நின்று கேட்டது. அவள் மாலையைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. மாலையோடு சேர்த்துத் தன்னையே அளித்துவிட்டாள்.

எனவே மணத்தை ரசிப்பது குற்றமா என்று கலங்க வேண்டாம். நந்தவனத்தில் வேலை செய்பவர் மூச்சை அடக்கிக்கொண்டா களை பறிக்கிறார்? அவர் முகரவில்லை, மணம் அவரை வந்தடைகிறது. பிறருக்காக உழைப்பவருக்குக் கேளாமலே கிடைக்கும் இந்த ஆனந்தம் பிரசாதம். தேடிப் பறித்து நுகர்வது போகம். இரண்டிலும் மூக்கு ஒன்றுதான், மணமும் ஒன்றுதான். மனம் வேறு.

பாண்டுரங்கன் தேடி வந்த தோட்டம்

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கும், தேஹுவிலிருந்து துகாராமின் பல்லக்கும் புறப்பட்டுப் புனேயில் தங்கி, பண்டரிபுரம் நோக்கிச் செல்கின்றன. இலட்சக்கணக்கான வார்கரி அடியார்கள் துளசி மாலை அணிந்து, நாமம் பாடிக்கொண்டு, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அந்நாட்களில் புனே நகரமே தன் வேலைகளை நிறுத்திவிட்டு அடியார்களுக்கு உணவளிக்கிறது, கால் பிடித்துவிடுகிறது.

அந்தப் பெருங்கூட்டத்தைப் பார்க்கும்போது, நடக்க இயலாதவர்களின் மனத்தில் ஓர் ஏக்கம் எழும். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவர முடியாத மருமகள், விடுப்பு கிடைக்காத தொழிலாளி, முழங்கால் வலியோடு மாடிவீட்டில் இருக்கும் முதியவர் ஆகியோர், 'எனக்கு இந்தப் பிறவியில் அந்தப் பாக்கியம் இல்லையோ?' என்று நினைக்கிறார்கள். இவர்களுக்காகவே வாழ்ந்தவர்போல் ஒரு மகான் இருந்தார். அவர் சாவதா மாளி.

இன்றைய சோலாப்பூர் மாவட்டத்தில், பண்டரிபுரத்துக்கு அதிகத் தொலைவில் இல்லாத அரண் என்னும் சிற்றூர் அவருடையது. ஞானேசுவரர், நாமதேவர் ஆகியோரின் காலத்தவர். 1295-ஆம் ஆண்டு மறைந்தார். மாளி என்றால் தோட்டக்காரர். அண்டை ஊர்கள் யாவும் பண்டரிக்குத் திரண்டு சென்றபோது அவர் தம் தோட்டத்திலேயே இருந்தார். நீர் இறைப்பது, பாத்தி கட்டுவது, களை எடுப்பது, நாவில் விட்டலன் நாமம் என்பதே அவரது நித்திய வழிபாடு. தாம் விளைவித்த காய்கறிகளிலும் கிழங்குகளிலும் விட்டலனையே கண்டதாக அவரது அபங்கம் தெரிவிக்கிறது.

மரபு மேலும் சொல்கிறது: ஒருமுறை நாமதேவரோடு சென்றுகொண்டிருந்த பாண்டுரங்கன், சாவதாவின் தோட்டத்தைக் கண்டதும் உள்ளே ஓடி, தம்மை மறைத்துக்கொள்ள இடம் கேட்டார். சாவதா தம் மார்பைப் பிளந்து பெருமானை உள்ளே வைத்துக்கொண்டார். வெளியே நாமதேவர் தேடித் தேடி அழுதார். யாத்திரை செய்த அடியார் தேடிக்கொண்டிருந்தார். யாத்திரை செய்யாத தோட்டக்காரரின் நெஞ்சில் இறைவன் ஒளிந்திருந்தார்.

இதன் நினைவாக இன்றும் ஒரு வழக்கம் நிலவுகிறது. மற்ற மகான்களின் பல்லக்குகள் பண்டரிபுரம் செல்கின்றன. சாவதா மாளியின் பல்லக்கு செல்வதில்லை. பண்டரியிலிருந்து பாண்டுரங்கனின் பல்லக்கே அரணுக்கு வருகிறது. தனக்குரிய வேலையால் இறைவனை அர்ச்சித்து மனிதன் நிறைவு அடைகிறான் என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் கூறும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை தேவையில்லை.

சாவதா யாத்திரையை இகழவில்லை. சோம்பலால் வீட்டில் இருந்தவரும் அல்லர். 'என் வீட்டிலேயே கடவுள் இருக்கிறார், கோயில் எதற்கு?' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வதற்கு அவர் பெயரைத் துணைக்கு அழைக்கக் கூடாது. கோடையில் ஒருநாள் நீர் இறைக்காவிட்டாலும் வாடிவிடும் பயிர்களுக்கு அவர் பொறுப்பேற்றிருந்தார். அந்தப் பொறுப்பே அவரது பண்டரி.

பூக்காரர் வீட்டுப் பிள்ளை

புனேக்கே உரிய இன்னொரு தோட்டக்காரர் குடும்பத்தையும் நினைவுகூர வேண்டும். கோர்ஹே என்ற குடிப்பெயர் கொண்ட அக்குடும்பத்தினர் பேஷ்வாக்களுக்குப் பூக்கள் அளித்துவந்தனர். அதனால் 'ஃபுலே', அதாவது பூக்காரர் எனப் பெயர் பெற்றனர். அக்குடும்பத்தில் 1827-இல் பிறந்தவரே ஜோதிராவ் ஃபுலே. அவரும் அவரது துணைவியார் சாவித்திரிபாயும் 1848-இல் புனேயின் பிடே வாடாவில் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினர். தெருவில் நடந்து பள்ளிக்குச் சென்ற சாவித்திரிபாய்மீது சேறும் சாணமும் வீசப்பட்டன. 1868-இல் ஜோதிராவ் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர் எனப்பட்டோருக்குத் திறந்துவிட்டார்.

ஜோதிராவ் சடங்குகளையும் புரோகிதத்தையும் கடுமையாகக் கண்டித்தவர். ஆலய வழிபாட்டைப் போற்றும் நமக்கு அவரது சொற்கள் சில உறைக்கலாம். உறைக்கட்டும். மலரை இறைவனுக்கும் தண்ணீரை ஒரு சாராருக்கும் மட்டும் என்று ஒதுக்கிய சமூகத்தைப் பார்த்து அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. மணத்துக்கு வேலி இல்லை என்று மேடையில் பேசிவிட்டு, கிணற்றுக்கு வேலி இட்டவர்கள் நாம்.

சாவித்திரிபாய் கவிஞரும் ஆவார். 1854-இல் வெளிவந்த அவரது முதல் கவிதைத் தொகுப்பின் பெயர் 'காவ்ய ஃபுலே'. கவிதை மலர்கள் என்று பொருள். அதில் செண்பகத்தையும் ஜாதிமல்லியையும் பற்றிய பாடல்கள் உள்ளன. பூவை ரசித்த அந்த உள்ளமே 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது நோயாளிகளிடம் ஓடியது. அவர்களுக்குத் தொண்டு செய்கையில் அந்நோய் தொற்றி, அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் அவர் மறைந்தார். அழகை நுகர்ந்து அதிலேயே நின்றுவிடாமல், துன்பத்தை நோக்கி நடக்கும் ரசனையே உண்மையான ரசனை.

தொட்டியில் ஒரு மல்லிகை

'நந்தவனத்துக்கு எங்கே போவது? எங்களுக்கு இருப்பது பால்கனி மட்டுமே' என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு தொட்டி போதும். ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் படும் இடத்தில், நீர் தேங்காத தொட்டியில், செம்மண்ணும் மணலும் நன்கு மட்கிய எருவும் கலந்து ஒரு மல்லிகையை நடலாம். நிழலில் வைத்தால் இலை செழிக்கும், பூ வராது. குளிர்காலத்தில் கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு விடும். பழைய கிளைகளின் மீது பரிவு கொண்டு வெட்டாமல் விட்டால் செடி படரும், பூக்கள் குறையும். நம் பழைய வெற்றிகளையும் பழைய மனக்குறைகளையும் கவாத்து செய்யத் தயங்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

கிலோ கணக்கில் வாங்கிச் சாற்றும் மாலை தவறு அன்று. அதைத் தொடுத்தவர் குடும்பமும் வாழ வேண்டும். ஆயினும் நாமே நீர் ஊற்றி, மூன்று மாதம் காத்திருந்து பெற்ற ஒரு பூவை வைக்கும்போது அந்த மூன்று மாதங்களையும் சேர்த்தே வைக்கிறோம். காத்திருத்தலைக் கடையில் வாங்க முடியாது.

பறிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளலாம். தட்சிணேசுவரத்தில் பூஜைக்காக மலர் பறிக்கச் சென்ற ஸ்ரீராமகிருஷ்ணர், பூத்து நின்ற செடிகள் ஒவ்வொன்றும் விராட் புருஷனுக்கு ஏற்கெனவே சூட்டப்பட்ட பூச்செண்டாக இருப்பதைக் கண்டார். அத்துடன் அவரால் மலர் பறிக்க முடியாமற் போயிற்று. அந்தக் காட்சி நமக்கு வாய்க்கவில்லை. ஆகையால் நாம் பறிக்கிறோம். செடியில் சில பூக்களையாவது விட்டுவைத்து, அவையும் அர்ச்சனையே என்று எண்ணலாமே.

வழிபட்ட மலரின் இறுதியும் வழிபாட்டின் பகுதியே. கணேச விழாவின்போது புனேயின் ஆற்றங்கரைகளில் நிர்மால்யத்தை இடுவதற்கெனத் தனிக் கலசங்கள் வைக்கப்படுகின்றன. காலையில் கண்ணில் ஒற்றிக்கொண்ட மாலையை மாலையில் நெகிழிப் பையோடு ஆற்றில் எறிவது பக்தி ஆகாது. வாடிய மலரை அது வந்த மண்ணுக்கே உரமாகத் திருப்பித் தருவோம். அடுத்த ஆண்டு அது மீண்டும் இறைவனிடம் வரும்.

வாசனை

நம் மொழியில் 'வாசனை' என்ற சொல் மணத்தைக் குறிக்கிறது. வேதாந்தத்தில் அதே சொல், செய்த செயல்கள் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவைக் குறிக்கிறது. பூ இருந்த கூடையில் பூவை எடுத்த பின்னும் மணம் தங்குவதுபோல, செயல் முடிந்த பின்னும் அதன் பதிவு தங்குகிறது. காற்று மலர்களிடமிருந்து மணத்தை ஏந்திச் செல்வதுபோல ஜீவன் உடலை விட்டுச் செல்லும்போது புலன்களையும் மனத்தையும் ஏந்திச் செல்கிறது என்பது கீதை பதினைந்தாம் அத்தியாயத்தின் உவமை. அப்போது தொட்டி வராது, செடி வராது, மலரும் வராது. மணம் மட்டுமே வரும்.

ஆகவேதான் சைவ நூல்கள் புறத்தே இடும் மலர்களோடு அகத்தே இடும் எட்டு மலர்களையும் கூறின: கொல்லாமை, ஐம்பொறி அடக்கம், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு. இவை எந்தச் சந்தையிலும் கிடைக்கா. எந்தப் பருவத்திலும் பூக்கும். வீட்டை விட்டு நகர முடியாதவர்களும் இவற்றைப் பயிரிடலாம். படுக்கையில் கிடப்பவருக்கு முகம் சுளிக்காமல் ஒரு குவளை நீர் தருபவரின் கையில் அருளும் பொறுமையும் ஒரே காம்பில் பூத்திருக்கின்றன. அவர் பண்டரிக்குச் செல்லாவிட்டாலும், பண்டரி அவர் வீட்டு வாசலுக்கு வரும்.

மணம் நட்டவருக்கு உரியதன்று, பறித்தவருக்கும் உரியதன்று. அது இறைவனுக்கு உரியது. அவர் அதை எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கிறார். நமக்கு உரியது மண்ணும் நீரும் உழைப்புமே. அவற்றை முழு மனத்தோடு செய்வோமாக. நாம் வாழும் இடத்தில் பிறர் நிம்மதியாக மூச்சு விடும்படி நம் வாழ்க்கை மணக்க, எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக!